சர்வர் மாறினா சாவியும் மாறணும்: பில்டு சர்வரை இடம் மாற்றியபின் வரும் கிட் அனுமதிச் சிக்கல்கள்



ஃபைனல் இயர் புராஜெக்ட் நடக்கும் எந்த லேபிலும் ஒருநாள் இது நடக்கும். பழைய பில்டு சர்வர் திணற ஆரம்பித்திருக்கும், இல்லைன்னா ஹார்டு டிஸ்க் சத்தம் போட்டிருக்கும். புது மெஷினில் உபுண்டு போட்டு, ஜென்கின்ஸ் நிறுவி, பழைய ஃபோல்டர்களை எல்லாம் காப்பி செய்து, "பில்டு நவ்" அழுத்துவோம். பத்து நொடியில் சிவப்பு. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, நேற்று வரை ஓடின அதே ஜாப்தான். ஆனா கிட்ஹப் மட்டும் "நீ யாரு?" என்று கேட்கிறது.

ரிவ்யூ நாளைக்கு என்றால் கை தானாகவே கூகுளுக்குப் போகும். முதலில் கிடைத்த கட்டளையை ஒட்டினால் பல நேரம் பில்டு பச்சையாகவும் ஆகிவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்குது. அப்படிக் கிடைக்கும் வழிகளில் பாதி, பிழையைச் சரிசெய்வதில்லை, காவல்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. பிழைச் செய்தியைப் படித்து, எந்த இடத்தில் தடை விழுந்தது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் சரிசெய்வது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் பிழைச் செய்திகளையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கோங்க.

லோடு அதே, லாரி வேற

எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்குத் தீப்பெட்டி லோடு கொண்டுபோகும் ஒரு லாரியை நினைச்சுக்கோங்க. பழைய லாரி ரிப்பேர். அதே சரக்கை வேறொரு லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். கேட்டில் நிறுத்திவிடுவார்கள். நுழைவு அனுமதி அந்தப் பழைய வண்டிக்கும் அந்த டிரைவருக்கும் கொடுத்தது. சரக்கு அதேதான் என்பது கேட்டில் எடுபடாது.

பில்டு சர்வரும் அப்படித்தான். கோடு, ஜாப், ஸ்கிரிப்ட் எல்லாம் சரக்கு. அது காப்பியாகும். நம்பிக்கை காப்பியாகாது. ஒரு கிட் குளோன் வெற்றியாக முடிய, வரிசையாக ஐந்து கேள்விகளுக்குப் பதில் கிடைக்கணும்:

1. கேட் வரைக்கும் ரோடு இருக்கா?
2. இது உண்மையிலேயே துறைமுகத்து கேட்தானா?
3. வந்திருக்கும் டிரைவர் யாரு?
4. அவருக்கு எந்தக் குடோன் வரை அனுமதி?
5. இறக்கிய சரக்கு நம்ம இடத்தில் யார் பேரில் இருக்கு?

ஒவ்வொரு பிழைச் செய்தியும் இந்த ஐந்தில் ஒன்றுக்குத்தான் பதில். எது என்று தெரியாமல் புதுச் சாவி உருவாக்குவதும், பெர்மிஷனை 777 ஆக்குவதும் நேர விரயம். ஒரே நேரத்தில் மூன்று விஷயத்தை மாற்றினால் எது சரிசெய்தது என்றும் தெரியாது.

முதல் விதி: ஜென்கின்ஸ் ஆள் நீங்க இல்லை

சோதனையை ஆரம்பிக்கும் முன்னாடி ஒன்றை மனசுல வச்சுக்கோங்க. நீங்க உங்க பேரில் லாகின் செய்து கிட் குளோன் அடித்தால் அது ஓடும். ஆனா ஜாப் ஓடுவது உங்க பேரில் இல்லை. லினக்ஸில் பேக்கேஜ் வழியாக நிறுவிய ஜென்கின்ஸ், "ஜென்கின்ஸ்" என்ற தனிப் பயனராக ஓடும். அதன் ஹோம் ஃபோல்டர் வார் - லிப் - ஜென்கின்ஸ். உங்க ஹோமில் இருக்கும் எஸ்எஸ்எச் சாவி அதற்குத் தெரியாது.

அதனால் எல்லாச் சோதனையையும் அந்தப் பயனராகவே செய்யுங்க. "சுடோ" கட்டளையோடு பெரிய எச், சிறிய யு சேர்த்து, பயனர் பெயராக ஜென்கின்ஸ் கொடுத்து, பின்னால் "கிட் எல்எஸ்-ரிமோட்" என்றும் ரெப்போ முகவரியையும் கொடுங்க. இது முழு ரெப்போவையும் இறக்காது, கிளைகளின் பட்டியலை மட்டும் கேட்கும். பட்டியல் வந்தால் முதல் நான்கு கேள்வியும் பாஸ். வராவிட்டால், வரும் செய்திதான் நம்ம துப்பு.

ஜாப்பில் ஜென்கின்ஸின் "கிரெடென்ஷியல்ஸ்" பகுதியில் சேமித்த சாவியைக் கொடுத்திருந்தால், ஜாப் அந்தச் சாவியைத்தான் பயன்படுத்தும், ஹோம் ஃபோல்டரில் இருப்பதை அல்ல. டெர்மினலில் ஓடி ஜாப்பில் ஓடாமல் போனாலும், ஜாப்பில் ஓடி டெர்மினலில் ஓடாமல் போனாலும் இந்த வித்தியாசத்தை முதலில் பாருங்க.

கேள்வி 1: ரோடு இருக்கா?

"கனெக்‌ஷன் டைம்ட் அவுட்" என்று வந்தால் அது அனுமதிச் சிக்கலே இல்லை. சாவியைத் தொடாதீங்க. எஸ்எஸ்எச் போர்ட் 22-ல் பேசும். பல கல்லூரி நெட்வொர்க்குகளில் வெளியே போகும் போர்ட் 22 அடைபட்டிருக்கும். பழைய சர்வரின் ஐபி முகவரிக்கு மட்டும் யாரோ விலக்கு வாங்கி வைத்திருக்கலாம், புது மெஷினுக்குப் புது ஐபி என்பதால் அந்த விலக்கு கிடைக்காது. நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேட்பது நேர்வழி. அது ஆகும் வரை, எஸ்எஸ்எச்.கிட்ஹப்.காம் என்ற முகவரியில் போர்ட் 443 வழியாக எஸ்எஸ்எச் பேச கிட்ஹப்பே வசதி கொடுத்திருக்கிறது.

எச்டிடிபிஎஸ் வழியில் "செர்டிஃபிகேட் இன்னும் செல்லுபடியாகவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தால் மெஷினின் தேதியைப் பாருங்க. பழைய லேப் கம்ப்யூட்டரின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். அந்த மெஷினின் கணக்கில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைத் திருத்தி, நேர ஒத்திசைவை ஆன் செய்யுங்க. சான்றிதழ் சோதனையை ஆஃப் செய்யாதீங்க.

கேள்வி 2: எதிரே இருப்பது யாரு?

"ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்" என்றால், கிட்ஹப் உங்களைச் சந்தேகப்படவில்லை. உங்க மெஷின்தான் எதிர்ப்பக்கத்தைச் சந்தேகப்படுகிறது. எஸ்எஸ்எச் முதல் தடவை இணையும்போது எதிர் சர்வரின் கைரேகையைக் காட்டி "இவரைத் தெரியுமா? எஸ் ஆர் நோ" என்று கேட்கும். எஸ் கொடுத்தால் "நோன் ஹோஸ்ட்ஸ்" என்ற ஃபைலில் எழுதிக்கொள்ளும். நாம் கீபோர்டு முன்னாடி இருந்தால் பதில் சொல்வோம். நடுராத்திரி பில்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. புது மெஷினில் ஜென்கின்ஸ் பயனரின் அந்த ஃபைல் காலியாக இருப்பதால் இணைப்பு அங்கேயே முறிகிறது.

சரியான வழி: "எஸ்எஸ்எச்-கீஸ்கேன்" கட்டளையால் எதிர் சர்வரின் சாவியை எடுத்து, அதன் கைரேகையை கிட்ஹப் தன் ஆவணப் பக்கத்தில் வெளியிட்டிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டு, ஒத்துப்போனால் மட்டும் ஃபைலில் சேர்ப்பது. கீஸ்கேன் எதையும் சரிபார்ப்பதில்லை, யார் பதில் சொன்னாலும் எழுதிக் கொடுத்துவிடும். ஒப்பிடும் வேலை நம்மளோடது. ஜென்கின்ஸின் செக்யூரிட்டி பக்கத்திலும் கிட் ஹோஸ்ட் கீ சரிபார்ப்புக்குத் தனி அமைப்பு உண்டு. அது "நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைல்" என்பதிலேயே இருக்கட்டும்.

தவறான வழி: "ஸ்டிரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் - நோ". இணையத்தில் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். இதன் விளைவு புரிய 2023 மார்ச் 24-ஐப் பாருங்க. கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் சாவியின் ரகசியப் பாதி, ஒரு பொது ரெப்போவில் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துவிட்டது. உடனே கிட்ஹப் அந்தச் சாவியை மாற்றியது. அப்போது இந்திய நேரம் காலை பத்தரை வாக்கில் இருக்கும். அதன்பின், பழைய ஆர்எஸ்ஏ சாவியைக் குறித்து வைத்திருந்த மெஷின்களில் "ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்" என்ற பெரிய எச்சரிக்கை வந்தது. சோதனையை ஆஃப் செய்திருந்தவர்களின் பில்டு தடையில்லாமல் ஓடியது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சாவியை வைத்து ஒரு போலி சர்வர் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் அவர்களின் பில்டு அதேபோலத்தான் ஓடியிருக்கும்.

பழைய சர்வரின் நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலை அப்படியே காப்பி செய்திருந்தால், அதில் அந்தக் காலாவதியான சாவி இருக்கிறதா என்று பாருங்க. "எஸ்எஸ்எச்-கீஜென்" கட்டளையோடு பெரிய ஆர் சேர்த்து, கிட்ஹப்.காம் என்று கொடுத்தால் பழைய வரிகள் நீங்கும். பிறகு சரிபார்த்த புதிய சாவியைச் சேருங்க.

கேள்வி 3: நாம் யாரு?

"பெர்மிஷன் டினைட் - பப்ளிக் கீ" என்ற புகழ்பெற்ற செய்தி இங்கேதான் வரும். ஜென்கின்ஸ் பயனராக "எஸ்எஸ்எச்" கட்டளையோடு மூன்று சிறிய வி-யும் ஒரு பெரிய டி-யும் சேர்த்து, கிட் அட் கிட்ஹப்.காம் என்று ஓட்டிப் பாருங்க. நீளமான லாக் வரும். அதில் "ஆஃபரிங் பப்ளிக் கீ" என்ற வரிகளை மட்டும் தேடுங்க.

அந்த வரியே இல்லையென்றால், காட்ட சாவியே கிடைக்கவில்லை. வரி இருந்தும் மறுக்கப்பட்டால், சாவி போய்ச் சேர்ந்தது, கிட்ஹப்புக்கு அந்தச் சாவி தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு நோய்.

சாவி கிடைக்காமல் போக லேபில் அதிகம் நடக்கும் காரணங்கள்:

பென்டிரைவ். எஃப்ஏடி, எக்ஸ்ஃபேட் வகை டிரைவ்களில் லினக்ஸின் உரிமையாளர், பெர்மிஷன் விவரங்கள் நிற்காது. சாவியை அதில் கொண்டுவந்தால் எல்லாரும் படிக்கக்கூடிய ஃபைலாக வந்து சேரலாம். எஸ்எஸ்எச் அப்படிப்பட்ட சாவியை எச்சரித்துவிட்டு ஒதுக்கிவிடும். எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு 700, தனிச் சாவி ஃபைலுக்கு 600, உரிமையாளர் ஜென்கின்ஸ். இதுதான் சரியான நிலை.

ரூட்டாகக் காப்பி செய்தது. அப்போ ஃபைலின் உரிமையாளர் ரூட் ஆகிவிடும். 600 சரியாக இருந்தாலும் ஜென்கின்ஸால் திறக்க முடியாது. "சௌன்" கட்டளையால் உரிமையாளரை மாற்றினால் போதும், 777 தேவையே இல்லை.

விண்டோஸ் நோட்பேட். சாவியை ஒட்டிச் சேமிக்கும்போது வரி முடிவுகள் மாறினாலோ கடைசி வரியின் முடிவு விடுபட்டாலோ "இன்வேலிட் ஃபார்மட்" அல்லது "எரர் இன் லிப்கிரிப்டோ" என்று வரும்.

கடவுச்சொல் போட்ட சாவி. பழைய சர்வரில் எப்போதோ ஒருவர் எஸ்எஸ்எச் ஏஜென்ட்டில் அதைத் திறந்து வைத்திருப்பார். மாதக்கணக்கில் ரீபூட் ஆகாததால் ஓடிக்கொண்டிருந்திருக்கும். புது மெஷினில் அந்த ஏஜென்ட் இல்லை.

ஜென்கின்ஸ் கிரெடென்ஷியல்ஸ். கிரெடென்ஷியல்ஸ் எக்ஸ்எம்எல் ஃபைலை மட்டும் காப்பி செய்தால் பட்டியலில் பெயர்கள் தெரியும், உள்ளே இருக்கும் ரகசியம் திறக்காது. அதைத் திறக்கும் மாஸ்டர் கீ முதலானவை "சீக்ரெட்ஸ்" என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. பெட்டி வந்துவிட்டது, பூட்டின் சாவி பழைய வீட்டிலேயே நிற்கிறது!

சாவி, பெர்மிஷன் எல்லாம் சரி, ஆனாலும் "நோ மியூச்சுவல் சிக்னேச்சர் அல்காரிதம்" என்கிறதா? அது வயசு வித்தியாசம். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8 முதல், ஷா-1 முறையிலான ஆர்எஸ்ஏ கையெழுத்து இயல்பாகவே நிறுத்தப்பட்டது. உபுண்டு 20.04-ல் இருப்பது 8.2, 22.04-ல் இருப்பது 8.9. பழைய உபுண்டுவிலிருந்து புதியதுக்கு வந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீங்க. கிட்ஹப்போடு பேசும்போது இது பெரும்பாலும் தெரியாது. துறைக்குள்ளேயே பல வருஷமாக அப்டேட் பார்க்காத ஒரு கிட் சர்வர் இருந்தால் அங்கே தெரியும். அந்தப் பழைய சர்வரை அப்டேட் செய்வதுதான் தீர்வு.

எச்டிடிபிஎஸ் வழியில் வருபவர்களுக்கு: 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்கின் பாஸ்வேர்டை கிட்ஹப் ஏற்பதில்லை. டோக்கன் வேணும். பழைய சர்வரில் டோக்கன் எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லையென்றால், பழைய ஒர்க்ஸ்பேஸின் கிட் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பாருங்க. ரெப்போ முகவரிக்கு நடுவிலேயே டோக்கன் அப்பட்டமாக எழுதப்பட்டிருக்கும் வாய்ப்பு அதிகம். அதை எடுத்துப் புதுசில் ஒட்டாதீங்க. முதலில் ரத்து செய்யுங்க.

கேள்வி 4: எதுவரை அனுமதி?

கேட்டைத் தாண்டியாச்சு. இப்போ "ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்" என்கிறது. முகவரியை நாலு தடவை சரிபார்த்தாச்சு, பிரவுசரில் திறக்கிறது. அப்படியென்றால், தனியார் ரெப்போ ஒன்று இருப்பதையே அனுமதி இல்லாதவருக்கு கிட்ஹப் சொல்லாது என்பதை நினைவில் வைங்க. "உனக்கு அனுமதி இல்லை" என்று சொன்னால் அப்படியொன்று இருப்பது தெரிந்துவிடும் இல்லையா? அதனால் "கிடைக்கவில்லை" என்றுதான் சொல்லும்.

நாம் இப்போ யாராக உள்ளே போகிறோம் என்று அறிய முன்பு சொன்ன எஸ்எஸ்எச் சோதனையின் கடைசி வரியைப் பாருங்க. "ஹாய்" என்று ஒரு பெயர் சொல்லி வரவேற்று, ஷெல் வசதி இல்லை என்று முடிக்கும். அது பிழை இல்லை, வெற்றிதான். அந்தப் பெயர் ஒரு ஆளின் பெயராக இருந்தால் அந்த ஆளின் கணக்குச் சாவி. ரெப்போவின் பெயராக இருந்தால் டிப்ளாய் கீ.

அங்கே போன வருஷம் பாஸ் அவுட் ஆன சீனியரின் பெயர் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பல லேப்களின் நிலை அதுதான். அவர் குழுவிலிருந்து விலகினால், அல்லது தன் டோக்கனை நீக்கினால், உங்க பில்டு நின்றுவிடும். அவர் கணக்குச் சாவி உங்க சர்வரில் கிடப்பதால், அவருடைய மற்ற எல்லா ரெப்போவும் உங்க லேபின் பாதுகாப்பை நம்பி நிற்கிறது. இரண்டு பக்கத்துக்கும் ஆபத்து.

டிப்ளாய் கீ என்பது ஒரே ஒரு ரெப்போவுக்கான சாவி. எழுதும் அனுமதியை நாமாகக் கொடுக்காவிட்டால் அது படிக்க மட்டும்தான். அதே சாவியை இன்னொரு ரெப்போவில் சேர்க்கப் போனால் "ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்று மறுக்கும். ஒரு ரெப்போவுக்கு ஒரு சாவி என்று உருவாக்கணும். பில்டு முடிந்து டேக் போடும்போது மட்டும் மறுப்பு வந்தால், சாவி படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்க.

கேள்வி 5: சரக்கு யார் பேரில்?

"டூபியஸ் ஓனர்ஷிப்" என்ற செய்தி அனுமதிச் சிக்கல் போலவே தெரியும். கிட்ஹப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2022 ஏப்ரலில் வந்த கிட் 2.35.2 முதல், வேறொரு பயனருக்குச் சொந்தமான ஃபோல்டரில் கிட் வேலை செய்ய மறுக்கும். பழைய ஒர்க்ஸ்பேஸை ரூட்டாகக் காப்பி செய்தால் இதுதான் நடக்கும். உரிமையாளரை ஜென்கின்ஸுக்கு மாற்றுங்க, அல்லது ஒர்க்ஸ்பேஸை நீக்கிவிட்டுப் புதிதாகக் குளோன் செய்ய விடுங்க. "சேஃப் டைரக்டரி" அமைப்பில் நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் அனுமதிப்பது, அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிடுவது.

காலேஜ் புராஜெக்ட்டுக்கு இவ்வளவு தேவையா?

பில்டு சர்வர்தான் கோடை நிரலாக மாற்றும் இடம். அங்கே ஒருவர் நுழைந்தால் யாருடைய கோடையும் மாற்றாமலே விளைவை மாற்றலாம். 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் சம்பவத்தில், ஓரியன் மென்பொருளின் பில்டு நடக்கும்போதே தீநிரல் நுழைக்கப்பட்டது. சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை அந்த அப்டேட்டைப் பெற்றிருக்கலாம் என்று நிறுவனமே சொன்னது. 2023 ஜனவரி 4 அன்று சர்க்கிள்சிஐ தன் வாடிக்கையாளர்கள் எல்லாரையும், தங்களிடம் சேமித்து வைத்த ரகசியங்கள் அனைத்தையும் மாற்றச் சொன்னது. அன்று எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு நாள் வேலை. பட்டியல் இல்லாதவர்களுக்குத் தேடுவதே பெரிய வேலை.

நம்ம லேப் சர்வர் அவ்வளவு பெரிசு இல்லை. ஆனா நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் இதே கைப்பழக்கம்தான் கூட வரும்.

சரியான முறையில் இடம் மாற்றுவது

பழைய சாவியைக் கொண்டுவராதீங்க. புது சர்வரில், ஜென்கின்ஸ் பயனராக, எஸ்எஸ்எச்-கீஜென் மூலம் இடி25519 வகைச் சாவி ஒன்று உருவாக்குங்க. தனிச் சாவி பிறந்த மெஷினை விட்டு வெளியே போகக் கூடாது. பொதுச் சாவியை மட்டும் ரெப்போவில் டிப்ளாய் கீயாகச் சேருங்க. பெயர் வைக்கும்போது மெஷின் பெயரும் மாதமும் வருஷமும் போடுங்க, அடுத்த பேட்ச் உங்களுக்கு நன்றி சொல்லும். பில்டில் பதில் சொல்ல ஆள் இல்லாததால் இந்தச் சாவிக்குக் கடவுச்சொல் போட முடியாது. அப்படியென்றால் ஃபைல் பெர்மிஷன்தான் அதற்கு ஒரே காவல். 600 என்பதில் பிடிவாதம் வேணும் என்பது இதனால்தான்.

பில்டு பச்சையானதும் வேலை முடிந்துவிட்டது என்று எழுந்து போகாதீங்க. இன்னும் நாலு வேலை இருக்கு:

1. வெப்ஹுக் முகவரியைப் பாருங்க. அது இன்னும் பழைய ஐபியைத்தான் கூப்பிடும். கையால் அழுத்தினால் பில்டு ஓடி, புஷ் செய்தால் ஓடவில்லையென்றால் காரணம் இதுதான்.
2. பழைய சர்வரின் பொதுச் சாவியையும் டோக்கன்களையும் கிட்ஹப் பக்கத்தில் நீக்குங்க.
3. பழைய மெஷினை ஒருநாள் ஆஃப் செய்து வைங்க. ஏதாவது நின்றுபோனால், அது இன்னும் அதைச் சார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.
4. அதன்பின் பழைய டிஸ்க்கை முழுசாக அழித்துவிட்டே ஜூனியர்களுக்கோ பழைய இரும்புக் கடைக்கோ கொடுங்க.

நீங்களே செய்து பாருங்க

ஒரு சோதனை ரெப்போ உருவாக்கி, ஐந்து பிழைகளையும் வேண்டுமென்றே வரவழையுங்க. நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலின் பெயரை மாற்றுங்க. சாவியின் பெர்மிஷனை 644 ஆக்குங்க. சாவி சேர்க்காத ஒரு தனியார் ரெப்போவைக் கேளுங்க. ஒர்க்ஸ்பேஸின் உரிமையாளரை ரூட்டுக்கு மாற்றுங்க. போர்ட் 22-ஐ ஃபயர்வாலில் அடையுங்க. ஒவ்வொரு முறையும் வரும் செய்தியை நோட்டில் எழுதி, பக்கத்தில் கேள்வி எண்ணைப் போடுங்க. ஒரு மணி நேர வேலைதான். அடுத்த முறை சிவப்பு விளக்கு எரியும்போது கூகுளைத் திறக்கும் முன்னாடி அந்த நோட்டைத் திறந்தால் போதும்.

செய்து பார்த்துட்டு, இதில் இல்லாத பிழை ஏதாவது வந்தால் இதழ்க் குழுவுக்கு எழுதுங்க. அடுத்த இதழில் சேர்ந்து தீர்ப்போம்.